மாதிரிக் குழந்தை ஏறாத வேலி

ஒரு குழந்தையின் உயிர் மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. வரி தனி.

துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நான்காம் ஜன்னலுக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அந்த விலை தொங்கியது. ‘நாள் வாடகை வீடுகளின் நீச்சல் குளங்களில் குழந்தைகளின் உயிர் காக்கும் தடுப்புக்கான சான்றிதழ், ஒன்றுக்கு’ என்று பொடி எழுத்தில் கீழே விளக்கமும் இருந்தது. கஜக்கோல் அதை இரண்டு தடவை படித்தார். முப்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவர். எழுதி மாட்டிய விலையை எழுதியவனே நம்ப மாட்டான் என்பது அவர் அனுபவம்.

“கடைசி விலை என்னம்மா?” என்று ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டார்.

உள்ளே இருந்த பெண் நிமிரவில்லை. “அதான் கடைசி.”

“ரெண்டு உயிரா எடுத்தா?”

“வீட்டுக்கு ஒரு உயிர்தான் சார் அனுமதி. படிவம் எழுபத்து நாலு எங்க?”

படிவம் எழுபத்து நாலு மூன்றாம் ஜன்னலில் கிடைக்கும் என்றும், மூன்றாம் ஜன்னலுக்கு வரிசை முதல் மாடியில் தொடங்குகிறது என்றும் அவருக்குத் தெரிய ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று.

கஜக்கோல் என்பது கடைத்தெரு வைத்த பெயர். துணி அளக்கும்போது கோலின் நுனியில் கத்திரி வைக்க மாட்டார். நுனிக்கு அப்பால் நாலு விரல் தள்ளித்தான் வைப்பார். அந்த நாலு விரல் ரசீதில் ஏறாது. கொசுறு. “அளந்து குடுக்கிறவன்கிட்ட ஒரு தடவை வருவாங்க, அளவுக்கு மேல குடுக்கிறவன்கிட்ட பேரப்பிள்ளையோட வருவாங்க” என்பார். தைத்த சட்டைகள் வந்து வெட்டுத்துணியை விழுங்கியபோது கடையை விற்று, ஊர் ஓரத்தில் ஒரு வீடு வாங்கினார். விலை பேசி முடித்ததும் வழக்கப்படி “கொசுறா என்ன தர்றீங்க?” என்றார். விற்றவர் பின்கட்டு ஜன்னலைத் திறந்து காட்டினார். நீச்சல் குளம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

முன்கட்டு, பயணம் வருகிறவர்களுக்கு நாள் வாடகை. பின்கட்டின் இரண்டு அறைகளில் அவரும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கையும், தங்கையின் மூன்று வயது மகளும். தங்கையின் கணவனுக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் ஒரு மாதம்தான் மனிதனாகத் தெரிவான், மீதி நாள் போனில் குரலாக இருப்பான். பிள்ளைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் எல்லோரும் கூப்பிட்டது வாலு. நடக்கத் தெரியும் முன்பே ஏறத் தெரிந்தவள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவளை இறக்குவது அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதுபோல அன்றாட வேலை. தங்கை டியூட்டிக்குப் போனால் அந்த வேலை மாமாவுடையது.

முன்கட்டு வாடகைதான் மூவருக்கும் சோறு. விடுமுறைக் காலத்துக்குப் பதினொரு குடும்பங்கள் முன்பதிவு செய்திருந்தன. பதினொன்றும் குளத்தின் படத்தைப் பார்த்து மயங்கியவை. மாதக் கடைசிக்குள் தடுப்புச் சான்றிதழ் காட்டாவிட்டால், முன்பதிவுத் தளத்திலிருந்து வீட்டின் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். விதிப் புத்தகம் அறுபத்து நாலு பக்கம். அதில் பதினேழாம் பக்கம் சொன்னது: தடுப்பின் உயரம் 1200 மில்லிமீட்டர்.

கஜக்கோல் வெல்டரைக் கூப்பிட்டார்.

“ஆயிரத்து இருநூறு. மேல நாலு விரல் விடு.”

“நாலு விரல் எதுக்கு முதலாளி?”

“புள்ளைங்க விஷயம். அதுல போய் அளந்தா குடுப்பாங்க?”

வேலி எழும்பியது. குறுக்குக் கம்பி கிடையாது, கால் வைக்க இடம் கிடையாது. எல்லாம் நெட்டுக் கம்பி. கேட்டைத் திறந்து விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானே சாத்திக்கொள்ளும். சோதனை அதிகாரிக்கு முன்பே வாலு சோதித்தாள். ஏறிப் பார்த்தாள், வழுக்கியது. கம்பிக்கிடையில் தலையை நுழைத்தாள், காது தடுத்தது. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்று எட்டினாள். சரியாக நாலு விரல் எட்டவில்லை. மூன்றாம் நாள் வேலியை ஒரு உதை விட்டு, “சீ, இது கெட்ட வேலி” என்று அறிவித்துவிட்டுப் பூனையைத் துரத்தப் போனாள். கஜக்கோல் அன்றுதான் பகலில் கண்ணயர்ந்தார்.

தடுப்பு அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்தார். அவர் பின் இருக்கையில். முன் இருக்கையில், பெல்ட் போட்டபடி, ரப்பரால் செய்த ஒரு குழந்தை. நரைத்த மீசை ஓட்டுநர் இறங்கி வந்து பெல்ட்டைக் கழற்றி, அதை இடுப்பில் தூக்கிக்கொண்டார். கழுத்தில் அடையாள அட்டை. வண்ணம் தீட்டிய சிரிப்பு, மூக்கில் மட்டும் கொஞ்சம் உரிந்திருந்தது.

“இது மாதிரிக் குழந்தை,” என்றார் அதிகாரி. “பதினாலு கிலோ, தொள்ளாயிரத்து ஐம்பது மில்லிமீட்டர். மூணு வயசு.”

“பதினோரு வருஷமா,” என்றார் ஓட்டுநர்.

அதிகாரி டேப்பை இழுத்து வேலியை அளந்தார். முகம் சுருங்கியது. மறுபடி அளந்தார்.

“எழுபது மில்லிமீட்டர் கூடுதலா இருக்கே.”

“ஆமா சார்,” என்றார் கஜக்கோல், பெருமையை அடக்கிக்கொண்டு. “கொசுறு.”

“இது தேறாது.”

“சார், குறையலையே. கூடத்தானே இருக்கு?”

“அதைத்தான் சொல்றேன். விதி ஆயிரத்து இருநூறு போதும்னு சொல்லுது. நீங்க போதாதுங்கிறீங்க. அப்ப விதியை வகுத்தவங்க முட்டாளா?”

“சேச்சே. நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்?”

“நீங்க சொல்லலை, உங்க வேலி சொல்லுது.” அதிகாரி குரலைத் தாழ்த்தினார். தொந்தரவு கொடுக்கும் நோக்கமில்லாத, புரியவைக்க விரும்பும் குரல். “இன்னிக்கு உங்களுக்கு எழுபது கூட விட்டா, நாளைக்கு ஒருத்தன் எழுபது குறைச்சுக் கட்டிட்டு, அந்த வீட்ல கூட இருக்குல்ல, ரெண்டையும் சேர்த்து சராசரி பாருங்க சார்ம்பான். நான் என்ன பதில் சொல்றது?”

கஜக்கோலின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. “சரி சார், உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆயிரத்து இருநூத்து முப்பத்தஞ்சுக்கு முடிச்சுக்கலாம்.”

அதிகாரி அவரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. வருத்தம்தான் இருந்தது. “பாதுகாப்புல பேரம் பேசக்கூடாது சார்,” என்று சொல்லி, ‘பாதுகாப்பு மிகுதி, குறைக்கவும்’ என்று படிவத்தில் எழுதினார்.

வெல்டர் மறுபடி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேலியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். “பதினெட்டு வருஷத்துல பாதுகாப்பு ஜாஸ்தின்னு நான் வெட்டுறது இதான் முதல் தடவை முதலாளி. கூலி எப்படிப் போடுறது, கட்டினதுக்கா, கெடுத்ததுக்கா?” நாலு விரலும் போயின.

இரண்டாம் சோதனையில் வேலி தேறியது, தாழ்ப்பாள் தேறவில்லை. தாழ்ப்பாளின் உயரம் 1500 இருக்க வேண்டும் என்பது இருபத்து மூன்றாம் பக்கம்.

“வேலியே ஆயிரத்து இருநூறுதானே சார். தாழ்ப்பாளை எதுல மாட்டுறது?”

“வேலி ஒரு அதிகாரம், தாழ்ப்பாள் இன்னொரு அதிகாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

கேட்டின்மேல் கொடிக்கம்பம்போல ஒரு குழாயை நிறுத்தி, உச்சியில் தாழ்ப்பாளைப் பற்றவைத்தார் வெல்டர். வேலிக்கு மேலே, வெறும் காற்றில், அது தனியாகப் பூட்டிக்கொண்டு நின்றது. “ஆகாசத்துக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு,” என்றார். “இனி பறவை வராது.”

மாதம் முடிய ஆறு நாள் இருக்கையில் மூன்றாம் சோதனை. உயரம் சரி. தாழ்ப்பாள் சரி. மாதிரிக் குழந்தையை வேலியிலிருந்து தொள்ளாயிரம் மில்லிமீட்டர் தள்ளி நிற்க வைத்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் எல்லோரும் மௌனமாக நின்றார்கள். மாதிரிக் குழந்தை ஏறவில்லை.

“நல்ல வேலி,” என்றார் அதிகாரி மனமார. “எச்சரிக்கைப் பலகை மட்டும்தான் பாக்கி.”

ஜீப்பின் பின்னாலிருந்து ஓட்டுநரே அதை இறக்கினார். துறையே தரும் பலகை, வெளியே வாங்கினால் செல்லாது. கனத்த இரும்புச் சட்டம், மூன்று விரல் தடிமன். வேலியின் வெளிப்பக்கம், குழந்தையின் கண்ணுக்கு நேரே மாட்ட வேண்டும் என்பது விதி. அப்படியே மாட்டினார்கள். கீழ்ச்சட்டம் பெரியவர்களின் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, மேல்சட்டம் இடுப்பருகே. படிக்கத் தெரியாத குழந்தைகளுக்காகப் படமும் போட்டிருந்தது: ஒரு குழந்தை வலது காலைத் தூக்கி, இரண்டு கையாலும் கம்பியின் தலையைப் பிடித்து ஏறுகிறது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

வாலு வந்து பலகைக்கு முன் நின்றாள். தலையைச் சாய்த்து, படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்த வேலியில் எப்படி ஏறுவது என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதிகாரி ஜீப்பின் முகப்பில் சான்றிதழை விரித்து, பேனாவைத் திறந்து, உரையாற்றினார். சான்றிதழ் தரும்போது உரையாற்றுவது அறுபதாம் பக்கம்.

“இந்தத் துறை ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. இந்தப் பதினோரு வருஷத்துல, நாங்க சோதிச்ச எந்தக் குளத்துலயும், மாதிரிக் குழந்தை ஒரு தடவைகூட மூழ்கலை.”

“மத்த குழந்தைங்க?” என்றார் கஜக்கோல்.

“அது மூழ்கினோர் பிரிவு. மூணாவது மாடி. அவங்க எங்களோட பேச மாட்டாங்க.”

ஏதோ இரும்பில் செருப்பு உரசும் சத்தம். கஜக்கோல் திரும்பினார். வலது காலை வைத்து, இடது காலை வைத்து, பலகையின் மேல்சட்டத்தில் வாலு நேராக நின்றுகொண்டிருந்தாள். வேலி அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது. “மாமா, இங்க பாரு” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் விழுந்தாள்.

கஜக்கோல் ஓடினார். ஆகாசத் தாழ்ப்பாளை இழுத்தார். புது இரும்பு, அசையவில்லை. கம்பிக்கு அப்பால் வாலு எழுந்து, முழங்காலைத் தட்டி, குளத்தின் ஓரத்துக்குப் போய், தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பிடிக்கக் குனிந்தாள். ஐம்பத்து நாலு வயது, முன்னால் ஒரு தொந்தி, முப்பது வருஷமாகக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்த முட்டி. அவர் வலது காலைக் கீழ்ச்சட்டத்தில் வைத்தார், இடது காலை மேல்சட்டத்தில் வைத்தார், அந்தப் பக்கம் மூட்டை மாதிரி விழுந்தார், விழுந்த வேகத்தில் உருண்டு, கவுனின் நுனியைப் பிடித்தார். அவள் தலைமுடி மட்டும்தான் நனைந்திருந்தது.

அவளை மார்போடு சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, ஜீப் பக்கமிருந்து பேனா எழுதும் சத்தம் கேட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார். இப்பப் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்.” அதிகாரியின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “ஆனா பார்த்ததை எழுத இந்தப் படிவத்துல இடம் இல்லையே.”

“பலகைல கால் வச்சு ஏறிட்டா சார். உங்க பலகை.”

“பாப்பா என்ன எடை?”

“பதினாறு இருப்பா.”

அதிகாரிக்கு மூச்சு திரும்பி வந்தது. “பார்த்தீங்களா, ரெண்டு கிலோ கூட. இது தரத்துக்கு மிஞ்சின குழந்தை. வேலி மேல தப்பில்ல.” சான்றிதழை நீட்டினார். “பலகையைக் கழட்டினா இது செல்லாது. பதினஞ்சு நாள்ல பாப்பாவைத் தரத்துக்குள்ள கொண்டு வரப் பாருங்க. அப்புறம், பெரியவங்க வேலி ஏறினதுக்கு அபராதம் உண்டு. இந்தத் தடவை விட்டுடறேன்.”

ஓட்டுநர் மாதிரிக் குழந்தையை உட்கார வைத்துப் பெல்ட் போட்டார். போகும்போது வாலுவின் ஈரத்தலையை ஒரு கணம் பார்த்தார். “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார்,” என்றார் மெதுவாக. “பதினெட்டு கிலோ.”

தங்கை டியூட்டி முடிந்து வந்து, நடந்ததையெல்லாம் கேட்டாள்.

“பலகையைக் கழட்டுண்ணா.”

“கழட்டினா விளம்பரம் போகும். விளம்பரம் போனா சோறு போகும்.”

“கழட்டலைன்னா?”

கஜக்கோல் எழுந்துபோய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்தினார். தங்கை விடவில்லை.

“வர்ற பதினொரு குடும்பமும் புள்ளையைத் தராசுல வச்சுட்டா கூட்டிட்டு வரும்? நான் வேலை செய்யற வார்டுல அப்படி எடை பார்த்துக் கொண்டு வந்த புள்ளை ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் ஈரத்தோடதான் கொண்டு வந்தாங்க.”

மறுநாள் மத்தியானம் வாலு தூங்கும்போது, அவளுடைய கணுக்காலை ஒரு கையில் பிடித்தபடி, கஜக்கோல் அறுபத்து நாலு பக்கத்தையும் படித்தார். மொத்த வியாபாரி அனுப்பும் பட்டியலைப் படிக்கிற முறை அது: எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதாமல் விட்டது எது என்று தேடுவது. வேலி இருந்தது. கேட், தாழ்ப்பாள், ஸ்பிரிங், பலகை, பலகைக்கு அடிக்கும் வண்ணம், உரை, உரையின் நேரம், எல்லாம் இருந்தன. அறுபத்து நாலு பக்கத்தில் தண்ணீர் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“சார், குளத்துல தண்ணி எவ்வளவு இருக்கணும்?”

“தண்ணி எங்க பிரிவு இல்லையே. நாங்க தடுப்பு.”

“தண்ணி இல்லாம இருந்தா?”

“அதுவும் எங்க பிரிவு இல்ல.”

“அப்ப மணல் போட்டு நிரப்பினா?”

அந்தப் பக்கம் பக்கங்கள் புரண்டன. வெகுநேரம் புரண்டன. “மணல்னு இங்க எதுவும் இல்ல சார்.”

தண்ணீரை இறைக்க ஒரு நாள். மூன்று லாரி மணலைக் கொட்டி, விளிம்பு வரை சமப்படுத்த இன்னொரு நாள். குளத்துக்கு விலை கொடுக்கவில்லையே தவிர, அந்த வீட்டில் சம்பாதித்துக் கொடுத்ததெல்லாம் குளம்தான் என்று அவருக்குத் தெரியும். லாரி கிளம்பிய பின் சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு உட்கார்ந்து பதினொரு குடும்பங்களுக்கும் போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார். கடைத்தெருவில் இருந்தவரை சரக்கின் குறையை வாங்குகிறவன் கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தவர். தானே சொன்னது அதுதான் முதல் தடவை. ஏழு பேர் விலகிக்கொண்டார்கள். நாலு பேர் பேரம் பேசினார்கள். கேட்ட விலைக்கே விட்டார்.

விடுமுறையின் நடுவில் அதிகாரி திடீர்ச் சோதனைக்கு வந்தார். வேலிக்குள் ஐந்தாறு பிள்ளைகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் கேட் வழியாக வந்தவர்கள், சிலர் பலகை வழியாக. அதிகாரி உயரத்தை அளந்தார், சரி. தாழ்ப்பாளை அளந்தார், சரி. பலகையைத் துடைத்துப் பார்த்தார், சரி. பிறகு குளத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது குளமா?”

“பட்டாவுல, படிவத்துல, சான்றிதழ்ல, எல்லாத்துலயும் குளம்தான் சார்.”

அதிகாரி யோசித்தார். முடிவில், தெரியாத இடத்தில் தெரிந்ததைச் செய்தார்: மாதிரிக் குழந்தையைக் குளத்தில் இறக்கச் சொன்னார். ஓட்டுநர் அதை மணலின் நடுவில் நிறுத்தினார். ஐந்து நிமிஷம். பிள்ளைகள் அதற்கும் இடுப்புவரை மணல் போட்டார்கள். வாலு அதன் உரிந்த மூக்கில் ஈரமண் அப்பினாள். அது மூழ்கவில்லை.

“தடுப்பு தோத்துப்போனாலும் தாங்குற குளம்,” என்றார் அதிகாரி. “என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. மத்தவங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கச் சொல்லி எழுதப்போறேன்.”

“மணலையா சார்?”

“பலகையை. ஒண்ணு போதாது, குளத்துக்கு நாலு பக்கமும் ஒண்ணு. வித்தியாசமா நீங்க வச்சிருக்கிறது அது ஒண்ணுதானே, கீறல் இல்லாம பளபளன்னு.” பலகையின் மேல்சட்டத்தைத் தடவிப் பார்த்தார். தினம் ஏறி இறங்கிய கால்கள் அதைக் கண்ணாடியாக்கியிருந்தன.

நாலு குடும்பங்களும் கிளம்பிப் போன மறுநாள், கஜக்கோல் கணக்குப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

முன்பதிவு, பதினொன்று. விலகியது, ஏழு. வந்தது, நாலு. வாடகையில் துண்டு விழுந்தது, இரண்டு மாதச் சோறு. தங்கை சம்பளத்தில் சரிக்கட்ட வேண்டியது.

வரவு, பிள்ளைகள் ஒன்பது. பற்று, அவரவர் பெற்றோருடன் கார் ஏறிப் போனது, ஒன்பது.

கையிருப்பு, வாலு ஒன்று.